எலுமிச்சம்பழம் நசுங்காத காலை

குரோம்பேட்டையில் ரயில் ஏறும்போது ஏழுமலை அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் பெரிய பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர். காலையில் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"மேரி மேடம் பூட்டாங்க தம்பி. தூக்கத்துலயே."

தாம்பரத்தில் இறங்கினேன். நடைமேடையில் நின்று என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். ஏன் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அறியாதவர்களுக்கு: அருள்மேரி எங்கள் பாதுகாப்பு அதிகாரி. ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நிற்பார். வெளியே போகிற ஒவ்வொருவரும் இரு கைகளையும் உயர்த்தி, விரித்து, அவரிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும். அலுவலகப் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாள், கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"காலைல பத்து விரலோட வந்தே. பத்தோட வீட்டுக்கு அனுப்பறது என் வேலை. எம்.ஏ. படிச்சவனுக்குக் கன்செஷன் கிடையாது."

காட்டினேன்.

முதலாளியின் அப்பா மட்டும் காட்டியதில்லை. பெரியவர் என்போம். ஒரே ஒரு மெஷினோடு அந்த இடத்தைத் தொடங்கியவர். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

இனி அந்த விஜயதசமி. எழுத உட்கார்ந்தால் இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள், நல்ல நேரத்தில், பெரிய பிரஸ் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கும். பிறகுதான் வேலை. இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கிற மெஷின் அது. அதன் இரு பக்கமும் சென்சார்கள். நடுவே கை போனால் மெஷின் நின்றுவிடும். மேரி மேடம் சண்டைபோட்டு வாங்கி மாட்டியவை.

ஏழுமலை அண்ணன் இரு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. சிவப்பு விளக்கு.

பெரியவரின் முகம் மாறியது. நல்ல நேரம் முடியப் போகிறது. ஃபிட்டர் பாபு குனிந்து பார்த்தார்.

"ஐயா நேத்து வெச்ச சந்தனப் பொட்டு. கரெக்டா சென்சார் மேல கீது."

"தொடச்சி வுடேன்," என்றார் ஏழுமலை அண்ணன்.

"வெச்ச பொட்ட நல்ல நாளும் அதுவுமா அழிப்பியாடா?" என்றார் பெரியவர்.

"அப்போ சென்சார ஆஃப் பண்ணிடலாம் ஐயா. ஒரே அடிதான். சாவி மேடம்கிட்ட கீது," என்றார் பாபு.

முதலாளி கையை நீட்டினார். "குடுங்க மேடம்."

"முடியாது சார்."

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கா?"

"பழத்துக்கு இல்ல சார். சுத்தி இத்தன கை நிக்குது."

பாபு முணுமுணுத்தார். "சர்ச்சுக்குப் போறவங்க. நம்ம பூஜை இன்னா புரியும்?"

"பூஜை எனக்குப் புரியும் பாபு. மெஷினுக்குத்தான் புரியாது."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சாவி தரலன்னா நாளைலேர்ந்து வர வேணாம்."

மேடத்தின் இரண்டு பெண்களும் கல்லூரியில். அந்தச் சம்பளத்தில்தான் வீடு. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சரி சார். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டு மெஷினிடம் போனார். சந்தனத்தை விரலில் வழித்தார். சென்சாரைக் கைக்குட்டையால் துடைத்தார். அதே சந்தனத்தை ஒரு சாண் மேலே வைத்தார்.

"அழிக்கல ஐயா. நகர்த்தி வெச்சிருக்கேன். சாமி கொஞ்சம் மேல உக்காரட்டும்."

பச்சை விளக்கு!

ஏழுமலை அண்ணன் அழுத்தினார். மெஷின் இறங்கியது. பழம் உருண்டது. பெரியவரின் வலது கை, பழைய பழக்கத்தில், பழத்தைச் சரிசெய்ய உள்ளே போனது.

மெஷின் நின்றது.

புஸ்ஸென்று காற்று போகிற சத்தம் மட்டும். கைக்கு மேலே இரும்பு. கைக்குக் கீழே பழம்.

"கைய எடுங்க ஐயா," என்றார் மேரி மேடம். மெதுவாக.

எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழம் நசுங்கலையே," என்றார்.

"எதுவுமே நசுங்கல ஐயா. நல்ல நாள்தான்."

யாரோ விசிலடித்தார்கள். பிறகு எல்லோரும். முதலாளி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவிப் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. பாபுதான் அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டு மேடத்திடம் நீட்டினார். "சக்கரை கம்மி," என்று அவர் குறை சொன்னார். இன்று எங்கள் மெஷின்கள் எல்லாவற்றிலும் சென்சாருக்கு மேலே ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. பொட்டு வைக்கும் இடம்.

நேற்று குரோம்பேட்டையில், மேடத்தின் வீட்டு வாசலில் சவப்பெட்டி. பெரியவர் காரிலிருந்து இறங்கி வந்தார். மாலையை வைத்தார். நகராமல் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து, அவரிடம் காட்டினார். முதல் தடவையாக.

அவருக்குப் பின்னால் பாபு. ஏழுமலை அண்ணன். நாங்கள் எல்லோரும். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அத்தனை கைகள். அத்தனையும் முழுசாக. துக்க வீட்டில் இப்படிச் சொல்லலாமா, தெரியவில்லை: எனக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது.

இன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் யாரும் வெளியேறவில்லை. வாசலில் அந்த இடம் காலியாக இருந்தது. போய் நின்றேன்.

"இன்னா சார், எண்ணத் தெரியுமா?" என்று கைகளைத் தூக்கினார் ஏழுமலை அண்ணன்.

மேரி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இடத்தை. எண்ணினேன். பத்து.

"போங்க அண்ணா, வீட்டுக்கு."