மூன்றாவது மலையின் பள்ளம்

தனபால் மாமாவுக்கு மலைமேல் அரியூர் நாட்டில் கொஞ்சம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு, நாற்பது மிளகுக் கொடி. மிளகு பறிக்க அவர் ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொள்வது அவர் மனைவி, என் அக்கா கவிதா. அடைமழை நாட்களில் இருவரும் டிவி கேம் ஆடுவார்கள். இரண்டு எலிகள் சேர்ந்து மலை ஏறும் விளையாட்டு.

மகள் மோனிஷாவுக்கு ஒரு வயதாகும்போது அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். அந்த டிவி கேம் பெட்டியும் ஈரத்தில் கெட்டது. மாமா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏணியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஏறுகிறார்.

மோனிஷாவுக்கு இப்போது ஒன்பது. அம்மாவைப் பற்றிக் கேட்டால் மாமா எலிக் கதையைத்தான் சொல்வார்.

"மூணாவது மலையில பெரிய பள்ளம் சாமி. உங்கம்மாவுக்குத் தாவ வராது. என் எலி தலைமேல ஏறிக்குவா. நான் எகிறுனா அவ பறந்து அந்தப் பக்கம் போயிருவா."

பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டிருந்தார்கள். புதுப் பெட்டியோடு வாங்கி வந்தேன்.

"சித்தி, எலிக்கு மீசைகூட ஆடுது!" மோனிஷா குதித்தாள். இரண்டு மலைகளை ஒரே மூச்சில் ஏறினாள். மாமா சிரித்துக்கொண்டே தன் எலியைப் பின்னால் ஓட்டினார்.

மூன்றாவது மலை வந்தது.

"ஏறு சாமி, என் தலைமேல ஏறு."

ஏறினாள். மாமா எகிறினார். அவள் எலி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும். மறுபடியும்.

"போங்கப்பா, பள்ளத்து மேல தொங்குற கொடியப் புடிச்சுத் தாவோணும். நீங்க கதை கட்டிட்டீங்க. சித்தி, அம்மா அப்படிப் போனத நீங்க பாத்திருக்கீங்களா?"

அந்த வருஷங்களில் நான் இங்கே இல்லை. போனில் தேடினேன். பழைய விளையாட்டின் பிழைகளைத் திருத்தியதாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். தலைமேல் நின்று பறப்பதும் அதில் இருந்தது.

"அப்பா சொன்னது நெசம் கண்ணு. முன்னாடி அப்படிப் போக முடிஞ்சிருக்கு. இப்ப சரி பண்ணிட்டாங்க."

"அப்ப, அம்மா தப்பா ஆடுனாங்களா?"

மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படித்தான் போல சாமி. எங்களுக்கு அது தெரியலை."

மோனிஷா கொடியைப் பிடித்து ஒரே தாவில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"வாங்கப்பா! சுலபம்தான்!"

மாமாவின் கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அவர் எலி பள்ளத்து ஓரத்திலேயே நின்றது.