கேக் மணக்கும் டிரைவர்

எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வீட்டில் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பதென்றால்கூட ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுப்பார். தூக்கத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று என்னைச் சுவரோரம் தள்ளுவார். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. பல்பு மாட்டச் சொன்னால் ஹோல்டரையே கையோடு பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போன பரிசோதனையில் கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறதாம். அடுத்த முறைக்குள் இறக்கிக் காட்டாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிப்போ ஆபீசில் உட்கார வேண்டியதுதானாம். வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "பஸ்ஸை எங்கிட்டேருந்து எடுத்துட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்றார்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. தெருமுனை பேக்கரிக்காரரிடம், "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு கேக் வித்தீங்கன்னு தெரிஞ்சுது, கடை வாசல்லயே உக்காந்துடுவேன்" என்று சொல்லி வைத்தேன். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும், தலையை ஆட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் டீயில் சர்க்கரை போடுகிறவர் இல்லை, சர்க்கரையில் டீ ஊற்றுகிறவர். ஆனாலும் என் சட்டத்துக்கு முணுமுணுக்காமல் கட்டுப்பட்டார். அதுதான் எனக்கு உதைத்தது.

சில வாரம் போயிருக்கும். வேலை முடிந்து வந்தவர் பக்கத்தில் போனேன். குப்பென்று கேக் வாசனை! வெண்ணெய், வெனிலா, லேசாகக் கருகிய சர்க்கரை எல்லாம் கலந்து.

"எங்க சாப்பிட்டீங்க?"

"என்னத்த?"

"கேக்குதான், வேறென்ன!"

"ஐயோ, சத்தியமா இல்லடி."

பாக்கெட்டைக் கொட்டிப் பார்த்தேன், ஒரு துணுக்குகூட இல்லை. வாயை ஊதச் சொன்னேன், சர்க்கரை இல்லாத டீயின் கசப்புதான் வந்தது. மறுநாளும் அதே வாசனை. சென்ட் கடையில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு போன் போட்டுப் புலம்பினேன். "அக்கா, வேற யாராவது பொம்பளையா இருக்கப் போகுது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த மூஞ்சிக்கா? போடி, கேக்குதான்!" என்று வைத்துவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு செய்தேன். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலையில் அவர் பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறினேன். உள்ளேயும் அதே வாசனை! ஆபீஸ் போகும் கூட்டம், எல்லாம் சிடுசிடு முகங்கள். ஏறினவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள், "என்ன டிரைவர் அண்ணே, யாருக்குப் பொறந்தநாள்?" என்றார்கள், இளித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கடைசி சீட்டில் குனிந்து பதுங்கினேன். முன்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"கடைசி சீட்டுல துணி சுத்திட்டு உக்காந்திருக்கற அம்மா, வீட்டுல கேஸ் அடுப்ப அணைச்சுட்டுதானே வந்தீங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கின பிறகு என்னைக் கூப்பிட்டார். சீட்டுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் அளவு பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா, நான் தின்ன கேக்கு."

சென்ட்!

"வண்டிய எடுத்தா போதும், நாக்கு கெடந்து அலையுது. திங்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு, மோந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே? உன் தங்கச்சிகிட்ட கேட்டேன், குடுத்தா."

"அந்தக் கள்ளியா? அவகிட்ட சொல்லலாம், எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ சிரிப்ப."

சிரிக்கத்தான் செய்தேன். கூடவே அழுகையும் வந்தது. பாவம், எவ்வளவு ஆசையை இந்த மனிதர் மூக்கோடு நிறுத்தி வைத்திருக்கிறார்!

என் மணிக்கட்டிலும் ஒரு தடவை அந்த சென்டை அடித்துவிட்டார். அடித்த உடனே கருகிய சர்க்கரை மூக்கில் ஏறும். கொஞ்சம் பொறுத்தால் வெண்ணெயும் வெனிலாவும் மேலே வரும். சாயங்காலம் அவர் சட்டைக் காலரில் மட்டும் காய்ச்சின பால் மாதிரி சாதுவாக ஒரு வாசனை மிஞ்சும். வியர்வையோடு சேர்ந்து அது இன்னும் நன்றாக இருக்கும். என் கையிலோ இருட்டுகிற வரை கருகிய சர்க்கரையாகவே நின்றது. "ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் ஒட்டும்போல" என்றார். முறைத்தேன். ஒரே ஒரு தொல்லை, கொஞ்ச நேரத்தில் போட்டவர் மூக்குக்கு அது பழகிவிடும். வாசனை போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பார், பஸ் முழுக்க மணக்கும்.

பரிசோதனை நாள் வந்தது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். டிப்போவிலேயே ஒரு மூலையில் டாக்டர் அறை. நானும் கூடப் போனேன். பயத்தில் இவர் போகிற வழியெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன சார், நல்லா கேக் சாப்பிட்டு வந்திருக்கீங்க?"

"இல்லம்மா, பச்சத் தண்ணிதான்."

"வாசன தூக்குது சார். இப்ப எடுத்தா ரிசல்ட் தப்பா வரும். இன்னொரு நாள் வாங்க."

இன்னொரு நாள் ஏது? அன்றைக்குள் டாக்டர் கையெழுத்துப் போடாவிட்டால் இவர் ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. எதிர்த்துப் பேசத் தெரியாதவர், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். எனக்கு வந்ததே கோபம்! அவர் பாக்கெட்டிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மணிக்கட்டில் அடித்தேன்.

"இப்ப சொல்லும்மா, நீ எத்தன கேக் தின்ன?"

அவள் திகைத்துப்போய் மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மோந்தாள். "அடக் கடவுளே!" என்று சிரித்துவிட்டாள். "உக்காருங்க சார்." ஊசி போட்டு ரத்தம் எடுத்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல என் காதில், "அக்கா, இது எங்க கிடைக்கும்?" என்றாள்.

ரிசல்ட் வருகிற வரை இவர் என் கையை விடவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கே! ம்... ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் இவர் என்னிடம், "நீ டிப்போ கேட்டுப் பக்கத்துல நில்லு. முதல் டிரிப்புலயே உன்ன வீட்டுல இறக்கிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவி வாங்க ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் கேட்டருகே நின்றேன். பஸ் வந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. நீளமாக ஒரு ஹாரன் அடித்தார், என்னைத் தாண்டினார், ரோட்டில் திரும்பினார், போயே போய்விட்டார். என்னை ஏற்றிக்கொள்ள வேண்டுமென்பதே சுத்தமாக மறந்துபோயிற்று.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "மெதுவா போங்க!" என்றுதான் வந்தது.