வட்டத்துக்குள் நெடுமாறன்

"தங்கச்சி, இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது. என்னான்னு பாரு" என்று நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடையின் ஜன்னலுக்குள் போனை நீட்டினார் டிரைவர் நெடுமாறன். அன்றுதான் அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்க அனுமதி கேக்குதுங்க."

"இங்கதான் மரம் மாதிரி நிக்கிறேன். கண்ணு தெரியலயாமா அதுக்கு?"

"சரின்னு அமுக்குனாத்தான் வரிசை நம்பர் விழும். யார்டுலேருந்து அரை கிலோமீட்டருக்குள்ள இருக்கீங்களான்னு பாத்துட்டுத்தான் தரும்."

"அப்ப திருவாரூர்ல படுத்துக்கிட்டே எவனும் நம்பர் வாங்க முடியாது?"

"முடியாதுங்க."

"புரோக்கருக்கு டீ வாங்கித் தந்தாலும்?"

"இது டீ குடிக்காதுங்க."

பின்னால் நின்ற இன்னொரு டிரைவர் நெய்னா முகம்மது சிரித்தார். "யோசிச்சு அமுக்குங்க மாமா. ஊட்டுல அக்காவுக்கும் நீங்க நிக்கிற எடம் தெரிஞ்சிடப் போவுது."

"தெரியட்டும்டா மாப்ளே. இந்தக் கரித்தூள்ல நிக்கிறதப் பாத்தாவது ஒரு நாளு கோழி அடிப்பா" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். நம்பர் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழவாஞ்சூரில் நிலக்கரி ஏற்றும் யார்டு அது. முன்பெல்லாம் யார் லாரி எப்போது உள்ளே போகவேண்டும் என்பதைப் புரோக்கர்தான் சொல்வார். இரவெல்லாம் காத்திருந்தவரைத் தாண்டி, காலையில் வந்த வண்டி உள்ளே போகும். நெடுமாறன் சண்டை போட்டுச் சண்டை போட்டே தொண்டை கட்டிப்போனவர். அதனால் போனில் திறந்தாலே ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்து வரிசை நம்பர் தரும் அந்த இணையப் பக்கத்தை அவரைப்போல் யாரும் வரவேற்கவில்லை. லாரி லாரியாக ஏறி மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். டீக்கடைக்காரரிடம் தன் போனைக் கொடுத்துவிட்டு நாகூருக்குப் போய்விட்ட ஒரு டிரைவரைப் பற்றி யார்டு கேட்டில் போய்ச் சொன்னவரும் அவர்தான். "ஆளு இருந்தாத்தான் நம்பரு. போனு இருந்தா போதுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவ்வப்போது, "இருக்கிறீர்களா?" என்று கேட்கத் தொடங்கியது. உடனே பதில் அமுக்காவிட்டால் நம்பர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பக்கத்தை மூடிவிட்டாலும் அப்படித்தான். மூடிய பக்கத்துக்கு இடம் தெரியாது.

நெடுங்காட்டில் குத்தகை நிலம் பார்த்த குடும்பம் அவருடையது. வாய்க்கால் தண்ணீர் ஏமாற்றிய ஒரு வருடத்தில் லாரி ஏறியவர், இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிய போன் எரிந்துகொண்டே இருக்க, அதன் வெளிச்சத்தில் தூங்குவார். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு அடிபம்பில் தொங்கவிடுவார். ஊருக்குப் பைக்கில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டி ஊர்ப்பக்கம் போகும் காரைக்கால் பஸ்ஸை அவரால் பார்க்கத்தான் முடிந்தது.

தங்கை இளவேனிலின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். வரிசையில் மாட்டிக்கொண்ட இவருக்காக ஒருமுறை நாள் தள்ளிப்போனது. இரண்டாவதாகக் குறித்த நாளும் வந்தது. அன்று இவர் வரிசையில் ஏழாவது. காலையில் என் ஜன்னல் பக்கம் வந்தவர் கையிலிருந்த போன் வழியே இளவேனிலின் குரல் எனக்கே கேட்டது.

"எங்க மாமியாரு, நம்ம பங்காளிங்கள்ல மாமன் மொறை ஆவுற எவன் மடியிலயாச்சும் ஒக்கார வைங்கங்கறாங்கண்ணே. கூடப்பொறந்த நீ ஒருத்தன் இருக்கயில, எம்புள்ளைய அடுத்தவன் மடியில வைக்கணுமா?"

"வர்றேம்மா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

லாரி முதலாளியோ, இன்னொரு தடவை வரிசையைத் தவறவிட்டால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

சற்று நேரத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக லாரியிலிருந்து இறங்கினார். காதோரம் மட்டும் கரி போகவில்லை. நெய்னா முகம்மதுவின் வண்டிவரை நடந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறையும் போய் அப்படியே திரும்பினார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, சார்ஜரோடு சேர்த்துப் போனை உள்ளே தள்ளினார்.

"தங்கச்சி," என்றார், பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு. "மதியத்துக்குள்ள ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் இத ஒன் மேசையில வச்சுக்கம்மா. அது கேக்கும்போதெல்லாம், நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிடு."