அக்காவின் காலை உருவிய நாள்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: பிள்ளை பெற்றுப் பத்து நாளான அக்கா, அவள் குழந்தை, எங்கள் அம்மா, அக்காவின் புருஷன், அம்மா கூட்டிவந்த மருத்துவச்சி, அப்புறம் நான். மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். எழுபதுகளின் நடுவில்.

அக்காவின் இடது கால் தொடைவரை வீங்கிக் கொதித்தது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் தர மாட்டார்கள், எழுந்து நடக்கவும் விட மாட்டார்கள். "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று கெஞ்சினாள்.

"குடிச்சா வயிறு பானையாட்டம் தொங்கும். சும்மா கெட" என்றாள் அம்மா.

அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, பிரசவத்துக்கு அப்புறம் இதே மாதிரி கால் வீங்கித்தான் செத்தாள். சொன்னேன்.

"அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த வுட்டவ, டாக்டரம்மா கணக்கா பேசிக்கினு கீறா பாரு" என்று மருத்துவச்சி சிரித்தாள்.

"இவளுக்கு ஈ ஒக்காந்தாலும் பயம்" என்று மாமாவும் சேர்ந்துகொண்டார்.

மருத்துவச்சி காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பாதத்திலிருந்து மேலே அழுத்தி உருவினாள். அலறிய அக்கா சட்டென்று நிறுத்தினாள். "மாரு அடைக்குதுடி." உதடு நீலம் பாரித்தது.

மாமா வாடகைக் கார் பிடித்துவந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரும்வரை அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால்ல உறைஞ்ச ரத்தம். உருவினதுல பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். அத்தையைப் பற்றியும், அக்காவுக்குத் தண்ணீர் தராமல் படுக்கவைத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரத்தம் கண்டபடி உறையாம காக்கிற ஒரு புரதம் உங்க குடும்பத்துல குறைச்சலா இருக்கலாம். சோதிக்க இங்க வசதி இல்ல. அந்த மாதிரி உடம்பைத் தண்ணி குடுக்காம, அசையவிடாமப் போட்டா?"

"தெனம் சுறாப்புட்டு ஆக்கிப் போட்டேனே சாமி, சத்து எப்பிடிக் கொறையும்?" என்று அம்மா அழுதாள்.

"சாப்பாட்டுல வர்றது இல்லம்மா. பிறப்புலயே வர்றது."

ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். அக்கா பிழைத்தாள், கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

பிறப்பில் வந்ததற்கு யாரையும் திட்ட முடியாது, சரி. தண்ணீரைத் தடுத்தது யார்? சொன்னவளைப் பார்த்துச் சிரித்தது யார்? நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

வீடு திரும்பிய மறுநாளே மருத்துவச்சி வாசலில் நின்றாள். "உருவுன கூலி வரல."

"இன்னாத்துக்குக் கூலி? அவ மூச்ச நிறுத்துனதுக்கா?" என்றேன்.

"குடுத்துத் தொலடி, பேஜாரு வாணாம்" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

கொடுக்கவில்லை. மருத்துவச்சி தான் சாகும்வரை கேட்டாள். பாக்கி ஐந்து ரூபாய்.