லாரிக்குத் திரும்பிய பிள்ளை

என் மகள் தர்ஷினிக்குப் பாம்புச்செவி என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். தொப்பூர் கணவாய்ச் சாலையோரம் எங்கள் சாப்பாட்டுக்கடை, அதற்குப் பின்னால் வீடு. கனத்த லாரி ஒன்று இறக்கத்தில் வந்தால் போதும், தரையில் விளையாடிக்கொண்டிருப்பவள் சட்டென்று வாசலைப் பார்ப்பாள். சில சமயம் எனக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுவாள்.

ஒன்றரை வயதாகியும் 'அம்மா' வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

கணவர் மாதேஷ் பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் புலம்பினால், "நானே மூணு வயசுலதான் பேசுனேன். லாரி வந்தா திரும்பறா இல்ல? சும்மா இருக்கற புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இழுக்காத" என்பார். அந்த லாரிப் பேச்சில் நானும் அடங்கிவிடுவேன்.

ஒருநாள் கடையில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை நேராக அதை நோக்கி நடந்தாள். நான் போட்ட அலறலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். மறுநாள் காலை யாரையும் கேட்காமல் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் லாரிக் கதையைத்தான் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

"அப்ப பாப்பா எங்க இருப்பா?"

"தரையிலதாங்க, டாக்டர்."

"கட்டில்ல, மெத்தையில உக்கார வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததே இல்லை.

பெரா பரிசோதனை (பிள்ளை தூங்கும்போது காதில் ஒலி கொடுத்து, செவி நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்ப்பது) செய்தார்கள். இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறைபாடு. "தரை அதிர்றது அவளுக்குத் தெரியுதும்மா. கெட்டிக்காரப் புள்ள. சத்தம்தான் தெரியல" என்றார் மருத்துவர். பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டு அழுதேன். அடுத்த சீட்டுக்காரர் எழுந்து இடம்விட்டார்.

அன்று மாலை, டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மாதேஷ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலைக்கு முதுகு காட்டி நின்றார். மூன்று லாரிகள் போயின. ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. தர்ஷினி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்து எங்க போவணும், சொல்லு. நானும் வரேன்" என்றார்.

முதலில் சில மாதம் காதுக் கருவி மாட்டினோம். பெரிய பலனில்லை. பிறகு அரசுக் காப்பீட்டில் சேலத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தி, செவி நரம்புக்கு நேரே ஒலியைக் கொண்டுபோகும் கருவி) வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதிலிருந்து வரும் சிறு வட்டு, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டால் ஒன்றும் கேட்காது.

காயம் ஆறியபின் அதை இயக்கினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதாள். கேட்டதால் அழுதாள்! அப்பாடா என்றிருந்தது எனக்கு. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னார்: "இன்னைக்குத்தாங்க இவ காது பொறந்திருக்கு. இனிமே இங்கிருந்து வயச எண்ணுங்க. நாள்பூரா பேசிட்டே இருங்க."

வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வெங்காயம் உரித்தாலும் பேச்சு, பாத்திரம் கழுவினாலும் பேச்சு. மாதக்கணக்கில் பதில் ஒன்றுமில்லை. நடுவில் மனம் உடைந்த நாட்களும் உண்டு. எட்டாவது மாதம் தோசைக் கரண்டியைக் காட்டி 'தோ' என்றாள். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தோசை சும்மா கொடுத்தேன்.

இதைப் படிக்கிற தாய்மாரே, தட்டு விழுந்தால் திரும்புகிறது, கதவு அடித்தால் திரும்புகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். பரிசோதனை வலிக்காது. வயது ஏற ஏறத்தான் கஷ்டம். நாங்கள் கோட்டைவிட்ட மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

தர்ஷினி பிறந்து நான்கு வருடம், கேட்கத் தொடங்கி இரண்டு. எங்கள் வீட்டில் இரண்டு கணக்கும் செல்லும்.

நேற்று இட்லி மாவில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அவள் அவசரமே இல்லாமல் தலையிலிருந்த வட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் மூச்சு வாங்கி நின்றதும் மறுபடி ஒட்டிக்கொண்டு கேட்டாள்:

"முடிஞ்சுதாம்மா?"