நான் வகுப்பில் வாசித்தது

இரண்டாயிரங்களின் முதல் பாதியில் நான் சமூகப்பணி முதுகலை படித்தேன். எங்கள் வீடு திருத்தங்கலில். அப்பா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் பட்ட மேற்படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "கஷ்டப்படுறவுகளுக்கு உதவி செய்யிறதுக்குப் படிக்கா" என்பார். அதுக்கும் ஒரு படிப்பா என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொள்வார்.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. பட்டாசு விபத்தில் காயம்பட்ட பெண்களுக்கு உதவிவந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் என்னைப் போட்டார்கள். ஒரே ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தொடர்ந்து நாலு மாதம் போய்ப் பேச வேண்டும். ஒவ்வொரு சந்திப்பையும் நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது அவர் முகம் எப்படி இருந்தது, எல்லாம். அந்த ரெக்கார்டுக்குத்தான் மதிப்பெண். எனக்குக் கொடுத்த ஊர் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

நான் பார்க்கப் போன அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் முன்பே இறந்துவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். விபத்தில் அக்காவின் வலது கை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இடது கை மடங்காது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தினமும் காலையில் வந்து அவருக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு, சேலை கட்டிவிட்டு, ஒரு கிண்ணத்தில் குழம்பும் வைத்துவிட்டுப் போவார். அந்த அம்மாவின் மருமகளும் அக்காவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். மருமகள் அந்த விபத்தில் செத்துப்போனாள்.

முதல் ஆறு சந்திப்புகளில் அக்கா எதுவும் பேசவில்லை. "வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா? பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" அவ்வளவுதான். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். என் ரெக்கார்டில் பேராசிரியர் சிவப்பு மையில் "ஆழம் போதவில்லை" என்று எழுதினார். வகுப்பில் மற்றவர்கள் கண்ணீர் வரவழைக்கும் கதைகளோடு வந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்து, நமக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லையே என்று பொறாமைப்பட்டேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஏழாவது முறை போனபோது மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வெளியூர். முறத்தில் முருங்கைக்கீரை ஆயாமல் கிடந்தது. நான் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த அக்கா தானாகப் பேசினார்.

"அன்னைக்குப் பக்கத்து வீட்டு மருமக வேலைக்கு வரலைன்னுதான் சொன்னா டீச்சர். காய்ச்சல், மேலு சுட்டுச்சு. நாந்தான் விடலை. சீசன் நேரம், ஆர்டர் நிக்கிது, ஒத்தையில நான் எப்படி அம்புட்டையும் பாக்கன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்."

நான் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி குடிக்க வெளிய வந்தேன். திரும்புறதுக்குள்ள ரூம்பு போச்சு. ஓடி அவ காலைப் பிடிச்சு இழுத்தேன். என் கை போனதுதான் மிச்சம்." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவ மாமியாருக்கு இது தெரியாது. அன்னைக்கு அவுக மக வீட்டுக்குப் போயிருந்தாக. மருமக அவளாத்தான் போனான்னு நெனச்சுட்டு இருக்காக. தெனம் வந்து எனக்குத் தலை சீவிவிடுறாக. அந்தக் கை படும்போது என்னால உக்கார முடியலை டீச்சர். எம்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன். யார்ட்டயும் சொல்லிறாதீக."

"சொல்லமாட்டேன்க்கா" என்றேன்.

பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பதினோரு பக்கம் எழுதினேன். கீரை, முறம், அவர் நிறுத்திய இடம், குரல் தாழ்ந்தது எல்லாம் வந்தன. பேராசிரியர் "மிகச் சிறப்பு" என்று எழுதி, வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் வாசிக்கச் சொன்னார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் வற்புறுத்தியிருக்கவும் மாட்டார். எனக்கு வாசிக்க ஆசையாக இருந்தது. பெயரை மட்டும் 'திருமதி எக்ஸ்' என்று மாற்றினேன். ஊர் இருந்தது, ஒட்டிய விரல்கள் இருந்தன, தலை சீவிவிடும் அம்மா இருந்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். துறைத்தலைவர் கைதட்டினார்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தோழியின் அம்மா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் ஆசிரியை. எனக்கு அது தெரியும். வாசிக்கும்போது அவளை நிமிர்ந்தும் பார்த்தேன். அப்போதும் நிறுத்தவில்லை.

அவள் வம்பு பேசுகிறவள் இல்லை. மனசு தாங்காமல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சரும் நல்லவர். அக்காவின் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா. வேணும்னேவா அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணை வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க? ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்து அழுது சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இதெல்லாம் தோழி பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னது.

ஆனால் எதுவும் தெரியாமல்தான் நான் அடுத்த முறை போனேன். பள்ளிக்கூட நாளில் மகள் அடுப்படியில் இருந்தாள். அக்காவின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"அந்தம்மா இனி வரமாட்டாக" என்றார் அக்கா. "வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாக. ஆமான்னுட்டேன். போயிட்டாக."

நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"யாரு டீச்சர் சொல்லியிருப்பா?"

"நான் யார்ட்டயும் சொல்லலைக்கா" என்றேன். கேள்வி முடியுமுன்பே வாயில் வந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். "சரி டீச்சர்" என்றார்.

சீப்பு மாடத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. எடுத்து ஒரு நாளாவது நான் சீவிவிட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. வருகைப் படிவத்தை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு சந்திப்புக்கும் கையெழுத்து வேண்டும். அக்காவால் முடியாததால் மகள்தான் எப்போதும் போடுவாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து அன்றும் போட்டுக்கொடுத்தாள்.

அதன்பிறகு நான் போகவில்லை. அந்தப் பெண் ஒத்துழைப்பதில்லை என்று பேராசிரியரிடம் சொன்னேன். அது சகஜம் என்று வேறு ஒருவரைத் தந்தார். வாய்மொழித் தேர்வில், உதவி தேடி வருபவரின் ரகசியத்தைக் காப்பது பற்றித்தான் கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னேன். முதல் வகுப்பில் தேறினேன். அப்பா சான்றிதழை அச்சக முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

சில வருஷங்களில் எனக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. விடுதிக் காப்பாளர்கள், முதியோர் இல்லப் பணியாளர்கள், வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்கள் ஆகியோருக்குப் பத்து நாள் பயிற்சி. ரகசியம் காப்பது பற்றிய வகுப்பு எப்போதும் என்னுடையது. "ஒரு மாணவி இருந்தாள்" என்று ஆரம்பித்து இந்தக் கதையைச் சொல்வேன். எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். ஒருமுறை ஒரு பெண், "அவளை என்ன செஞ்சாக?" என்று கேட்டாள். "பட்டம் குடுத்தாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாயிரங்கள் முடியப்போகிற சமயம், ஒரு திங்கட்கிழமை, சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பயிற்சி விஷயமாகப் போயிருந்தேன். மனு கொடுக்கும் வரிசையில் அக்கா நின்றார். தலையில் நரை. முடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நல்லாருக்கீகளா டீச்சர்?"

"அக்கா, அன்னைக்கு நான்தான் சொன்னேன். காலேஜ்ல எல்லார் முன்னாலயும் வாசிச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நான் வேற யார்ட்ட சொன்னேன்? நீங்க இல்லைன்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு?"

வரிசை நகர்ந்தது. அவரும் ஓரடி நகர்ந்தார். நானும் கூடவே நகர்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "எம்மக வயசுக்கு வந்த சடங்குக்கு வந்தாக. ஓரமா உக்காந்துட்டுச் சாப்பிடாமப் போயிட்டாக. மறு வருசம் செத்துப்போனாக" என்றார். மகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். வீட்டு வேலைக்கும் அம்மாவுக்கும் ஆள் வேண்டியிருந்தது. இப்போது திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் வேலை. "உங்க ஊருதான்" என்றார்.

கையிடுக்கில் வைத்திருந்த மனுவை நான் சரிபார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். மக எழுதிட்டா" என்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு இடமில்லை.

அடுத்த பயிற்சியில் 'ஒரு மாணவி' என்று ஆரம்பிக்காமல் 'நான்' என்று சொன்னேன். யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அம்மா மட்டும் கேட்டார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்கு?"

"திருத்தங்கல்லதான்" என்றேன்.

"போய்ப் பாத்தீகளா?"

"இல்லை" என்றேன். அவர் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். இன்றுவரை நான் போகவில்லை.