குள்ளர் தொட்டி

செம்பரம்பாக்கத்தில் வீட்டுமனைக்குத் தோண்டியபோது, குட்டைக் கால்கள் வைத்த சின்ன மண்தொட்டி ஒன்று கிடைத்தது. பழங்காலத்துச் சவப்பெட்டியாம். அதற்குக் காவலிருந்த மனிதருக்கு நான் டீ கொண்டுபோவேன். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. வெயில் நகர நகர, தன் குடையைத் தொட்டிமேல் நகர்த்திக்கொண்டே இருப்பார்.

பார்க்க வந்த ஆபீசர் அம்மா, "சின்னக் குழந்தையோடது" என்றார்.

"இல்ல மேடம், அந்தக் காலத்துல குள்ளருங்க இருந்தாங்கோ. இது வயசாகி செத்த கெயவரோடது" என்று காவல்காரர் சண்டைக்கு நின்றார்.

"இன்னா நைனா, நீ நேர்ல பாத்தியா?" என்று கூட்டம் சிரித்தது.

எல்லாரும் போனபின் என்னிடம் சொன்னார்: "எம் பொண்ணுக்கும் இம்மாத்தூண்டு பள்ளந்தான்க்கா தோண்டுனேன். இதுவும் கொயந்தன்னா நா எப்டி இங்க குந்திகினு காவல் காப்பேன்?"

எனக்கு அதிகம் பேச வராது. "குள்ளருங்கதாம்பா" என்றேன். இன்றுவரை யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.